சரக்குக் கொட்டகையில் நான் சொன்ன கதை

நிகழ்ந்தவற்றை எழுதுமுன் என் நிலையைச் சொல்லிவிடுவது முறை. நான் பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவன். ரயில்வேயில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராகச் சேர்ந்து முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்தேன். என் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டன வரிகூடக் கிடையாது. ஓய்வுபெற்றுத் திருவண்ணாமலையில் குடியேறிய பின், ஓய்வூதியர் சங்கத்துக்கு இரண்டு முறை போட்டியின்றித் தலைவனானேன். எங்கள் தெருவில் மதில் தகராறு என்றாலும் பாகப் பிரிவினை என்றாலும் என்னைத்தான் அழைப்பார்கள். "மாஸ்டர் சொன்னா சரியா இருக்கும்" என்பது இங்கே பலரும் சொல்லும் வார்த்தை.

அந்த வார்த்தைக்கு உரியவனாக இருந்த நான், சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், செங்கம் சாலையை ஒட்டிய ஒரு விடுதியின் கூடத்தில் பின்வரிசை நாற்காலியில் அமர்ந்திருந்தேன். பிற்பகல் மூன்று மணி. வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களில் போர்வைகளைக் கட்டியிருந்தார்கள். காப்பியும் ஊதுவத்தியும் கலந்த வாசனை. முன்னால் பாய்களில் வெளிநாட்டவர் பத்துப் பன்னிரண்டு பேர். எங்கள் வரிசையில் நான் அழைத்துச் சென்ற ஓய்வூதியர் நால்வர்.

என் வலப்புறம் முருகேசன். எண்பது வயது. அடி அண்ணாமலைக்காரர். ஒரு காலத்தில் என்னிடம் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவர். கண்ணில் நீரழுத்தம் வந்து ஐந்து ஆண்டுகளாகப் பார்வை இல்லை. அவருக்கு அப்பால் அவர் மகள் செல்வி.

திரையில் பழைய ஆங்கிலப் படம், கறுப்பு வெள்ளை, ஓடத் தொடங்கியது. முருகேசன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஸ்டேஷன் வந்துச்சா சார்?"

"வந்துச்சு."

"பேர்ப் பலகை இருக்குதா?"

"இருக்கு. ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு."

"நம்மது மாதிரி."

நம் பலகை என்றும் சாய்ந்ததில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். அதைவிடப் பெரிய திருத்தம் ஒன்றைச் சொல்வதற்காகத்தான் அன்று அவரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன்.

வேர்க்கடலை மூட்டைகளின் நடுவே

அதே படத்தை நாங்கள் இருவரும் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறோம். அதைச் சொல்ல நெடுந்தூரம் பின்னால் போக வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மீட்டர் கேஜ் பாதையில் ஒரு சிறிய நிலையம். ஊர் ஒரு கல் தொலைவில். இரு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லைகள். மேல்திசையில் மலை, பனிக்காலத்தில் இடுப்புவரை மறைந்து தலை மட்டும் தெரியும். நடைமேடையில் ஒரு புங்க மரம், ஒரு சிமெண்டு பெஞ்சு, ஒரு மண்பானை. நான், முருகேசன், இன்னும் இரண்டு ஊழியர்கள்.

ஒற்றைப் பாதை என்பதால் ஒரு வண்டி பாதையில் இருக்கும்போது எதிரே இன்னொன்று வரக்கூடாது. அதற்கு அத்தாட்சி ஓர் இரும்புப் பந்து. அதை டோக்கன் என்போம். தோல் பையில் இட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் இஞ்சினின் ஓட்டுநர் கைக்கு எட்டும்படி முருகேசன் தூக்கிப் பிடிப்பார். அவர் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. தண்டவாளத்தைத் திருப்புவதும் கைகாட்டியை இறக்குவதும் அவர் வேலை. எந்தப் பாதையில் வண்டி போக வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஊழியர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை சினிமா காட்டுவார்கள். ஒரு வேன் வரும். பெரும்பாலும் புராணப் படம். பகல் பாசஞ்சருக்கும் மாலை பாசஞ்சருக்கும் நடுவே மூன்று மணி நேரம் பாதை ஓய்ந்திருக்கும். அந்த இடைவெளியில் சரக்குக் கொட்டகையின் கதவுகளைச் சாத்திப் படம் போடுவது வழக்கம்.

அன்று பெட்டியைத் திறந்த ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார்.

"டப்பா மாறிப்போச்சு சார். இது ஆபீசருங்க கிளப்புக்குப் போக வேண்டியது. இங்கிலீஷ் படம்."

கொட்டகைக்குள் ஏற்கெனவே ஊரே உட்கார்ந்திருந்தது. மூட்டைகளின் மேல் ஆண்கள், தரையில் பெண்கள். தகரக் கூரை காய்ந்து, கடலைத் தோலின் வாசம் மூச்சை அடைத்தது. யாரும் எழுந்து போவதாக இல்லை. வேனுடன் வந்திருந்த டிராபிக் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

"நீதான் பட்டதாரியாச்சே. பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லு."

அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை. கல்லூரியில் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர், வகுப்பில் என்னைத்தான் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்வார். கிராமத்திலிருந்து வந்தவன் இப்படி வாசிக்கிறானே என்று மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலை அதற்குப் பிறகு பயன்படுத்த எனக்கு வாய்ப்பே அமையவில்லை. டிக்கெட் ஜன்னலில் அதற்கு என்ன வேலை? வெண்ணிற உடுப்பைச் சரிசெய்துகொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

மூன்றாவது நிமிடத்தில் எனக்கு வியர்த்தது.

அந்தப் படம்

அது ஒரு நகைச்சுவைப் படம். இங்கிலாந்தின் ஒரு மூலையில், வண்டிகள் நிற்காத ஒரு சிற்றூர் நிலையம். அங்கே புதிதாக ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வருகிறார். நீண்ட கோட்டு, கடிகாரச் சங்கிலி, பெருத்த தன்மதிப்பு. டிக்கெட் ஜன்னலில் கோழி முட்டையிட்டிருக்கிறது. அவர் தரையைப் பளபளக்கத் துடைக்கச் சொல்லி, முதலில் தானே வழுக்கி விழுகிறார்.

அங்கே ஒரு கிழட்டுத் தொழிலாளி இருக்கிறார். கல்யாணக் கூட்டம் ஏறிய ஒரு தனி வண்டி வருகிறது. மாஸ்டர் உத்தரவுத் தாளைத் தவறாகப் படித்து, புல் மண்டிப் போன பழைய பாதையில் அதை அனுப்பச் சொல்கிறார். "அந்தப் பாதை எங்கும் போகாது ஐயா" என்று கிழவர் மூன்று முறை தடுக்கிறார். மாஸ்டர் கேட்கவில்லை. வண்டி காணாமல் போகிறது. மீதிப் படம் முழுவதும் தொலைந்த ரயிலைத் தேடுகிறார்கள். மணப்பெண் ஒரு கிழங்குத் தோட்டத்தில் அமர்ந்து கல்யாண கேக்கைத் தின்றுகொண்டிருக்கிறாள்.

அதாவது, அந்தப் படத்தின் சிரிப்பு முழுவதும் ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றியது.

என் எதிரே அமர்ந்திருந்தவர்கள் நாளைக் காலை என் ஜன்னலில் டிக்கெட் வாங்க வர வேண்டியவர்கள். இன்ஸ்பெக்டர் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். நான் பணியில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

நான் கதையை மாற்றினேன்.

வழுக்கி விழுந்ததை மாற்ற முடியவில்லை. அது கண்ணுக்குத் தெரிந்தது. "கிழவன் எண்ணெயைக் கொட்டிவிட்டான்" என்றேன். திரையின் ஆங்கிலம் இன்ஸ்பெக்டர் உட்பட யாருக்கும் பிடிபடவில்லை. வாயசைவைத்தானே பார்க்கிறார்கள், வார்த்தை என் கையில் இருந்தது. கிழவர் பழைய பாதையைக் காட்டித் தலையை ஆட்டியபோது, "தெரியாம அந்தப் பக்கம் திருப்பிட்டேன் ஐயா, மன்னிச்சுக்கோங்க" என்று அவர் சொல்வதாகச் சொன்னேன். மாஸ்டர் திகைத்து நின்றபோது, தன் ஊழியன் செய்த பிழைக்காக மனம் வருந்துகிறார் என்றேன். மூன்று எச்சரிக்கைகளும் என் வாயில் மூன்று மன்னிப்புகள் ஆயின.

கொட்டகை சிரித்து உருண்டது. என் குரல் நன்றாகவே இருந்தது.

கொடியுடன் உள்ளே வந்தவர்

பாதிப் படத்தில் அலுவலகத்தில் மணி அடித்தது. அடுத்த நிலையத்திலிருந்து எதிர்பாராத சரக்கு வண்டி ஒன்றுக்கு வழி கேட்டார்கள். ஆபரேட்டர் படத்தை நிறுத்தினார். நானும் முருகேசனும் வெளியே போனோம். நான் வழி கொடுத்தேன். அவர் பாதையைத் திருப்பி, கைகாட்டியை இறக்கி, வண்டி கடந்து போகும்வரை பச்சைக் கொடியைப் பிடித்து நின்றார். குறை சொல்ல ஒன்றுமில்லாத வேலை. பதினைந்து நிமிடம்.

திரும்பி வந்தபோது அவர் முதலில் உள்ளே நுழைந்தார். கக்கத்தில் இரு கொடிகள். வெயிலிலிருந்து இருட்டுக்கு வந்ததால் கண்களைச் சுருக்கிக்கொண்டு நின்றார். கடலை வியாபாரி ஒருவர் மூட்டை மேலிருந்து கேட்டார்:

"யோவ் முருகேசா, வண்டி இருக்குதா, தொலைச்சுட்டியா?"

அந்தச் சிரிப்பைப் போல ஒன்றை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. தகரக் கூரை அதிர்ந்தது. முருகேசனின் மனைவி கன்னியம்மாள், கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகாதவள், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். முருகேசனும் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் முதல் அவர் பெயர் 'ரயில் தொலைச்ச முருகேசன்'.

ஒரு புன்னகை

பட்டப் பெயர்கள் எங்கள் பக்கத்தில் சாதாரணம். ஒருவரைச் சுருட்டு என்பார்கள், ஒருவரை ஒட்டகம் என்பார்கள். பெரும்பாலும் அவை ஊர் எல்லையோடு நின்றுவிடும். இந்தப் பெயர் பாதை நெடுகப் போயிற்று. ஓட்டுநர்கள் இஞ்சினிலிருந்து கூவுவார்கள். பௌர்ணமிக்குத் தனி வண்டிகள் வரும் நாட்களில் பெரிய நிலையத்துக்கு உதவிக்குப் போனால் அங்கேயும் அந்தப் பெயர் அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்திருக்கும். காலப்போக்கில் படம் மறந்துபோயிற்று. பெயர் மட்டும் நின்றது. உண்மையிலேயே ஏதோ ஒரு வண்டியை அவர் தவறவிட்டிருக்கிறார் என்று புதிதாக வந்தவர்கள் நம்பினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அறைக்குள்ளிருந்தே லீவர்களை இயக்கும் கேபின்மேன் பதவி ஒன்று காலியாயிற்று. சம்பளம் கூடுதல். வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டாம். முருகேசன் மனுப் போட்டார். நான்தான் அதைப் பரிந்துரைத்து எழுதினேன். அதே இன்ஸ்பெக்டர் என் மேஜைக்கு எதிரே அமர்ந்து அந்தத் தாளைப் புரட்டினார்.

"யாரு, அந்த ரயில் தொலைச்ச ஆளா?"

நான் புன்னகை செய்தேன்.

மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இன்ஸ்பெக்டரும் சிரித்துத் தாளை மூடினார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. முருகேசன் பாயிண்ட்ஸ்மேனாகவே ஓய்வுபெற்றார். காரணம் என்னவென்று அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் எனக்கு மாற்றல் வந்ததும் போய்விட்டேன்.

பிறகு அந்தப் பாதை அகலப் பாதை ஆயிற்று. எங்கள் சிறிய நிலையத்தையும் கொட்டகையையும் இடித்துவிட்டார்கள். புங்க மரம் இருக்கிறதா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

விரல் ரேகை

ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை வங்கியில் நிரூபிக்க வேண்டும். சென்ற முறை நான் போயிருந்தபோது எனக்கு முன்னால் ஒரு முதியவரின் கட்டை விரலை இயந்திரம் ஏற்க மறுத்துக்கொண்டிருந்தது.

"துடைச்சிட்டு வைங்க தாத்தா. ரேகையே இல்லையே."

"கொடிக் கம்பும் லீவர் கட்டையும் தின்னுடுச்சும்மா" என்றார் அவர். குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டேன்.

வரிசையில் யாரோ, "அட, நம்ம ரயில் தொலைச்சவரு" என்றார்கள். முருகேசன் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். பார்வையில்லாத முகம் அப்படித் திரும்புவதை நான் நேராகப் பார்க்க வேண்டியதாயிற்று.

வெளியே பெஞ்சில் அவர் பக்கத்தில் அமர்ந்து என்னை அறிமுகம் செய்துகொண்டேன். என் கையைத் தடவிப் பார்த்தார். கன்னியம்மாள் இறந்து மூன்று ஆண்டுகள் ஆயிற்று என்றார். மகள் செல்வியைப் பெண் பார்க்க வந்த முதல் இடம், 'ரயிலைத் தொலைச்சவன் வூட்லயா பொண்ணெடுப்போம்' என்று எழுந்து போனதையும் சொன்னார்.

"விடு நைனா, அது இன்னா இப்ப" என்றாள் செல்வி.

"இரும்மா. சாரைக் கேட்கணும்னு ரொம்ப நாளா இருக்குது." என் பக்கம் சாய்ந்தார். "சார், உங்ககிட்ட ஆறு வருசம் இருந்தேன். ஒரு வண்டியாவது தப்பா வுட்டேனா?"

"ஒன்றுகூட இல்லை முருகேசா."

"அப்பறம் ஏன் சார் எனக்கு அந்தப் பேரு?"

நான் வங்கிச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

"அந்தப் படத்துல இருந்தானே ஒருத்தன், அவன் பேருதான் எனக்கு ஒட்டிக்கிச்சு. அவன் அப்படி இன்னாதான் பண்ணான்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. பாதிப் படத்துல நான் கொடி புடிக்கப் போயிட்டு வந்தேன், அதுக்கப்பறம் சிரிப்புச் சத்தத்துல ஒண்ணும் காதுல வுழல. இன்னொரு வாட்டி நீங்க சொல்லக் கேட்கணும் சார். சாவறதுக்குள்ள தெரிஞ்சிக்கிறேன். ஒருத்தன் பேரச் செமந்தவனுக்கு அதுகூடத் தெரியலன்னா எப்படி?"

"அந்தப் படம் இப்போ எங்கே கிடைக்கப்போகிறது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, காலை நடையில், அந்த விடுதியின் வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தில் நீண்ட கோட்டும் கடிகாரச் சங்கிலியுமாக அந்தப் படத்து மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். ஞாயிறு மூன்று மணி, அனைவரும் வரலாம் என்று எழுதியிருந்தது. ஓர் ஆட்டோ ஒலியெழுப்பும்வரை நான் சாலையிலேயே நின்றிருக்கிறேன்.

பேசாமல் இருந்திருக்கலாம். கேட்க யாருமில்லை. இன்ஸ்பெக்டர் இல்லை, ஆபரேட்டர் இல்லை, அன்று கொட்டகையில் இருந்தவர்களில் பாதிப் பேர் இல்லை. ஐந்து நாட்கள் யோசித்தேன். பிறகு, அந்த விடுதியில் படங்களைத் திரையிடும் ஆங்கிலேய அம்மையாரைப் பார்த்து, சிலரை அழைத்து வரலாமா என்று கேட்டேன். உண்மையான ஸ்டேஷன் மாஸ்டரா என்று மகிழ்ந்துபோனார். சங்கத்து நண்பர்கள் நால்வரையும் நானே அழைத்தேன். கதையைப் பலர் முன்னால் மாற்றிச் சொன்னவன், பலர் முன்னால்தான் திருத்த வேண்டும்.

இரண்டாம் முறை

இப்போது அந்தக் கூடத்துக்குத் திரும்புகிறேன்.

இந்த முறை ஒவ்வொரு வார்த்தையையும் படத்தில் உள்ளபடியே சொன்னேன். பின்வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னேன். மாஸ்டர் தன்னாலேயே வழுக்கி விழுகிறார் என்றேன். உத்தரவுத் தாளைத் தவறாகப் படிக்கிறார் என்றேன்.

"அந்தப் பெரியவரு இன்னா சொல்றாரு சார்?"

"அந்தப் பாதை எங்கும் போகாது, அனுப்பாதீங்க ஐயா என்கிறார்."

"யாரு, மாஸ்டரா?"

"இல்லை. தொழிலாளி. மாஸ்டரைத் தடுக்கிறார்."

முருகேசனின் பிடி சற்றுத் தளர்ந்தது. முன்வரிசையில் வெளிநாட்டவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறை தடுத்ததைச் சொன்னேன். மூன்றாம் முறை தடுத்ததைச் சொன்னேன். வண்டி புல்லுக்குள் போய் மறைந்ததைச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பழைய சார்ஜென்ட்டைப் போல விறைப்பாக அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற கார்டு ஜெயராமன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

படம் முடிந்தது. போர்வைகளை அவிழ்த்தார்கள். வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள், முருகேசனைத் தவிர.

"முருகேசா," என்றேன், "அன்றைக்கு நான் கதையை மாற்றிச் சொன்னேன். இதுதான் உண்மையான கதை. ரயிலைத் தொலைத்தது ஸ்டேஷன் மாஸ்டர். உன் பெயருக்கு நான்தான் காரணம்."

 அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"எனக்கோசரம் மாத்திட்டீங்களா சார்?"

"இல்லை. அன்றைக்குத்தான் மாற்றினேன். இன்றைக்கு இல்லை."

"வயசான காலத்துல மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பார்க்கறீங்க. எனக்குத் தெரியாதா? ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் போய் வண்டியத் தொலைப்பாரா? உங்களாட்டம் படிச்சவரு."

நான் அந்த ஆங்கிலேய அம்மையாரை அழைத்தேன். ரயிலைத் தொலைத்தவர் யார் என்று இவருக்குத் தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். காய்கறி வாங்கும் அளவுக்குத் தமிழ் தெரிந்தவர். முருகேசனின் முன் குனிந்து, "ஸ்டேஷன் மாஸ்டர்... தப்பு. தாத்தா... நல்லவர்" என்றார்.

முருகேசன் சிரித்தார்.

"அந்தம்மாவுக்கும் சொல்லிக் குடுத்துட்டீங்களா சார்?"

"நைனா, சார் நெஜமாத்தான் சொல்றாரு போல" என்றாள் செல்வி. அவளுக்கும் உறுதியில்லை. படத்தின் ஆங்கிலம் அவளுக்குப் பிடிபடவில்லை. பழைய ஒலிநாடா, கரகரப்பு. என் நண்பர்களுக்கும் அப்படியே.

"இருக்கட்டும்மா." முருகேசன் நாற்காலியின் கையைத் தடவினார். "நல்ல மனசு சார் உங்களுது. ஆனா பழைய கதைதான் நல்லா இருந்துச்சு. கன்னியம்மா அன்னைக்குத்தான் அப்படிச் சிரிச்சா. கல்யாணம் கட்டி வந்ததுலேர்ந்து எங்கிட்ட வாயத் தொறக்காம இருந்தவ. அன்னைக்குக் கொட்டாயிலேர்ந்து வூட்டுக்குப் போற வழியெல்லாம், 'வண்டி எங்க, வண்டி எங்க'ன்னு கேட்டுக்கினே வந்தா. இந்தக் கதைய மாத்திட்டா அது எங்க போவும்?"

"முருகேசா, நான் சொல்வதைக் கேள். இதுதான் படம்."

"சரி சார்" என்றார்.

ஆறு ஆண்டுகள் என் ஒவ்வோர் உத்தரவுக்கும் அவர் சொன்ன அதே 'சரி சார்'. அதற்கு மேல் ஒரு மேலதிகாரியால் எதையும் புரியவைக்க முடியாது.

பங்குனியில்

பங்குனி முடியுமுன் முருகேசன் இறந்துவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று செல்வி தொலைபேசியில் சொன்னாள்.

அடி அண்ணாமலையில் அவர் தெரு முனையில் கண்ணீர் அஞ்சலிப் பலகை கட்டியிருந்தார்கள். பணிக்காலத்துப் புகைப்படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், 'ரயில் தொலைச்ச முருகேசன்'. நான் செல்வியைத் தனியே அழைத்து, அந்த இரண்டு சொற்களையும் எடுத்துவிடும்படி கேட்டேன். செலவு என்னுடையது என்றேன்.

"எடுத்துட்டா நைனா யாருன்னு யாருக்கு சார் தெரியும்?" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அழுது களைத்திருந்தாள். "வெறும் முருகேசன்னா இந்தத் தெருவுலயே நாலு பேரு."

மாலையை வைத்துவிட்டு, பலகையைப் பாராமல் வந்தேன்.

சங்கத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. கார்டு ஜெயராமன் பேசினார். முருகேசனைப் பற்றிச் சில சொற்கள். பிறகு என்னைப் பற்றி.

"ஒண்ணு சொல்லியாகணும். கண்ணு தெரியாத ஒரு மனுசன் மனசு குளிரணும்னு, நம்ம மாஸ்டர் கதையவே மாத்திச் சொன்னாரு. பழிய ஸ்டேஷன் மாஸ்டர் தலையில போட்டு, தன் பதவியையே தாழ்த்திக்கிட்டாரு. எத்தனை பேருக்கு வரும் அந்த மனசு?"

கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டல். நான் எழுந்து, அது அப்படியல்ல என்று விளக்கினேன். கொட்டகையைச் சொன்னேன், இன்ஸ்பெக்டரைச் சொன்னேன், கேபின்மேன் பதவியைச் சொன்னேன். முன்வரிசையிலிருந்து, "பாருங்க, அடக்கத்தப் பாருங்க" என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் செய்தி இப்போது ஊரில் பலவாறாக உலவுகிறது. இந்தப் பத்திரிகையில் நான் எழுதிவரும் தொடரைப் படிக்கும் அன்பர்கள் இருவர் அதைக் கேள்விப்பட்டுப் பாராட்டிக் கடிதமும் எழுதியிருக்கிறார்கள்.

வாயால் சொன்னால் என் ஊரில் இது எடுபடவில்லை. ஆகவே அச்சில் சொல்கிறேன்.

முருகேசனுக்காக நான் கதையை மாற்றினேன் என்பது தவறு. செங்கம் சாலைக் கூடத்தில் நான் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. மாற்றியது சரக்குக் கொட்டகையில், அதுவும் எனக்காக. படத்தில் ரயிலைத் தொலைத்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். தொழிலாளி மூன்று முறை தடுத்தார். முருகேசன் தம் பணிக்காலத்தில் எந்த வண்டியையும் தவறான பாதையில் விடவில்லை.